கோணிய வாய்

அருமைத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீயே காறித் துப்புவாய். இங்கே ஒருவரும் நலமில்லை. நீ நலமா என்று கேட்க எனக்கு வாயும் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் லாரிக்காரச் சிநேகிதன் நம் வெல்டிங் பட்டறைக்கு வந்தான். ஷட்டருக்கு வெளியே நின்றபடியே, நீ சொல்லச் சொன்னதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான். "கூடப் பொறந்தவளே காட்டிக்கொடுத்துட்டா, எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல, செத்துட்டா" என்றாயாம். "அந்த ஆளு விழுறப்பகூட என்னைப் பழிப்புக் காட்டிக்கிட்டேதான் விழுந்தான், செத்தா சாகட்டும்" என்றாயாம். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியாக ஒன்று சொன்னான் பார். என் கொழுந்தன் ஆள் சேர்த்துக்கொண்டு உன்னைத் தேடுகிறான் என்று தெரிந்து, நீ ஒரு கத்தி வாங்கி இடுப்பில் வைத்திருக்கிறாயாம். வந்தால் குடலை உருவிவிடுவாயாம். அடேய், அதைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் போன் அணைந்து கிடக்கிறது. என் போனைப் போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் சிநேகிதன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கோபம் வந்தால் வரட்டும், கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

முதலில் இதைத் தெரிந்துகொள். உன் மாமா சாகவில்லை. வலது கையும் காலும் விழுந்து, பேச்சுப் போய், விலாவில் இரண்டு எலும்பு முறிந்து கிடக்கிறார். ஆனால் உயிர் இருக்கிறது. நீ கொலைகாரன் இல்லை. இந்த நிமிஷம் வரைக்கும் இல்லை. கத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாளைக்கு அப்படி இருப்பாய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் மாமா உத்தமர் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. அவருக்கு அந்தத் தெருவில் வக்கணை என்றுதானே பெயர்! கேட் வாங்க வருகிறவன் எப்படி நடக்கிறான், எப்படி இருமுகிறான், நான் அழுதால் மூக்கு எப்படி விடைக்கிறது, எல்லாவற்றையும் முகத்தைக் கோணிக் கோணிச் செய்துகாட்டுவார். பட்டறையே சிரிக்கும். உனக்குத் திக்கும் என்பது அவருக்குத் தினமும் தீராத விளையாட்டு. கஸ்டமர் முன்னால் "த-த-தம்பி, கே-கே-கேட்டு ஆச்சா?" என்று அவர் கேட்கும்போது, நீ முகமூடிக் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டு வெல்டிங்கைப் பார்ப்பாயே, அது எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன்! "விளையாட்டுக்குத்தானே" என்பார். சுத்தியலை விட்டெறிந்து உன் முழங்கால் கிழிந்ததே, அதுவும் விளையாட்டுத்தான் அவருக்கு. அவரைத் தட்டிக்கேட்க உனக்கு நூறு காரணம் இருந்தது. ஆனால் அன்றைக்கு நீ அடித்த காரணம் மட்டும் தப்புடா.

அன்றைக்குக் காலையிலேயே அவருக்கு உடம்பு சரியில்லை. நீ கம்பி வாங்கப் போயிருந்தாய். வெல்டிங் ஹோல்டர் இரண்டு தடவை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. கையை உதறிக்கொண்டு, "மரத்துப்போச்சு" என்றார். "வயசாகுது, ஒத்துக்க மனசு வரல" என்று நான்தான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. அதோடு விட்டுவிட்டோம். முட்டாள்கள்!

நீ கம்பியோடு திரும்பி வந்த பிறகு, ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் தன் வீட்டு கேட்டைப் பார்க்க வந்தார். கீல் சரியாக உட்காரவில்லை என்றார். உன் மாமா உன்னைக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தார். நான் பின்கட்டில் இன்னொரு கேட்டுக்கு துரு ஏறாமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரலும் உன் குரலும் எனக்குக் கேட்டது. நீ ஏதோ பதில் சொல்லப்போய் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டாய். அதற்கப்புறம் அவர் "த... த... த..." என்றார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, எச்சில் வழிந்தது என்று வேன்காரர் பிறகு சொன்னார். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் உன் இடத்தில் இருந்தாலும், வெளியாள் முன்னால் மறுபடி பழிப்புக் காட்டுகிறார் என்றுதான் நினைத்திருப்பேன். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒருத்தர் வாய் கோணினால் தண்ணீரைக் கொண்டு ஓடிவருவார்கள். நம் வீட்டில் அடி விழுந்தது.

நான் ஓடிவந்தபோது நீ இரண்டாவது குத்துக் குத்திக்கொண்டிருந்தாய். முதல் குத்து வாயில், உதடு கிழிந்து பல் தெரிந்தது. இரண்டாவது காதில். அவர் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. அது உனக்கு உறைக்கவில்லையா? உன்னைவிடப் பலசாலி, ஒற்றைக் கையால் இரும்புக் கதவைத் தூக்குகிற மனிதன், அடியை வாங்கிக்கொண்டு மரம் மாதிரி நின்றார். பிறகு அப்படியே பின்னால் சாய்ந்தார். சாய்த்து வைத்திருந்த கேட்டின் முனையில் பின்மண்டை மோதிய சத்தம் இருக்கிறதே, இப்போதும் தூக்கிவாரிப் போடுகிறது. அதோடும் நீ விடவில்லை. விழுந்தவர் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தாய். பெயிண்ட் டப்பாவை உன் மேல் வீசியது நான்தான். உன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததும் நான்தான், காலர் கிழிந்து என் கையோடு வந்தது. "அவர் கண்ணப் பாருடா, கண்ணப் பாரு!" என்று கத்தினேன். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் ஓடினாய்.

வேன்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அதற்குள் கொழுந்தன் தன் சரக்கு ஆட்டோவோடு வந்துவிட்டான். அவனிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மயக்கம் போட்டு விழுந்துட்டார்" என்றேன். வேன்காரரைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன், அவரும் வாயை மூடிக்கொண்டார். போகும் வழியெல்லாம் உன் மாமாவின் தலை என் மடியில் இருந்தது. உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அப்போதும் என் புத்தியில் ஓடியது. புருஷன் மடியில் கிடக்கிறான், நான் தம்பிக்குக் கதை ஜோடித்துக்கொண்டிருக்கிறேன்! இப்படிப்பட்ட அக்காவைத்தான் நீ செத்துவிட்டாள் என்கிறாய்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையைப் பார்த்துப் பதறிப்போய்த் துணியால் அழுத்தினாள். ரத்தமில்லை, ரெட் ஆக்சைடு என்று சொல்லவே நேரமாயிற்று. அப்போது அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். ஆள் குள்ளம், பேச்சு படபடவென்று பொரியும். உன் மாமாவின் கையையும் காலையும் தூக்கிப் பார்த்தாள், கண்ணில் லைட் அடித்தாள், ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, பக்கவாதம் என்றாள். அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறதாம். முன்பெல்லாம் அதைச் சொட்டுச் சொட்டாக நெடுநேரம் ஏற்றுவார்களாம். இப்போது புதிதாக வந்திருப்பது ஒரே ஊசி, ஒரே தடவை ஏற்றினால் போதுமாம். ஆனால் சீக்கிரம் போட வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கொண்டிருக்கிறது என்றாள். எனக்குக் கடவுளே இறங்கி வந்தது போல இருந்தது.

அப்போதுதான் கேட்டாள். "தலையில அடி ஏதாச்சும் பட்டுச்சா? கிழிஞ்ச உதடு எப்படி?"

கொழுந்தன் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறான். அவனுடைய மூச்சு என் கழுத்தில் படுகிறது. நான் "இல்லைங்க, மெதுவாத்தான் சரிஞ்சார், உதட்டைக் கடிச்சுக்கிட்டார்" என்றேன். உனக்காகச் சொன்னேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன்.

நர்ஸ் ஊசியை எடுத்துவிட்டாள். மருந்தை இழுத்தாள். குமிழியைத் தட்டினாள். அந்தச் சின்ன டாக்டருக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "அக்கா, இந்த மருந்துக்கு நல்ல கட்டி, கெட்ட கட்டின்னு தெரியாது. உடம்புல எங்க ரத்தம் உறைஞ்சு காயத்தை அடைச்சுக்கிட்டு இருந்தாலும் அதையும் கரைச்சுரும். தலைக்குள்ள அடி இருந்தா, ஊசி போட்ட கையோட உள்ள ரத்தம் கொட்டும். அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஊசி முனை அவர் கைக்குழாயில் ஏறப்போகிறது. எனக்குக் கேட் முனையில் மண்டை மோதிய சத்தம் கேட்டது. நர்ஸின் கையை எப்படிப் பிடித்தேனோ தெரியாது. அவள் வலி தாங்காமல் கத்தினாள். ஊசி தெறித்துத் தரையில் போய் விழுந்தது. "போடாதீங்க! என் தம்பி அடிச்சான்! பின்மண்டை இரும்புல மோதிருச்சு!" என்று அந்த அறை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

நான் உன்னைக் காட்டிக்கொடுத்தது அப்போதுதான். கொழுந்தன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு என் கூந்தலைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து இடித்தான். "அண்ணன சாகடிச்சுட்டு எங்கிட்டயே கதை விட்டியாடி! நீயும் சேர்ந்துதான் பண்ணுனியா?" அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். போகிற போக்கில் கதவுக் கண்ணாடியைக் குத்தி உடைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் ரத்தம் வழிய, உன் கையை வெட்டி அண்ணன் காலடியில் போடாமல் ஓயமாட்டேன் என்று வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டே போனான். என் நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். இது உன்னால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அவன் கையால் வந்தது. ஆனால் உனக்குத் தெரிய வேண்டும்.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். எடுத்த ஸ்கேனையே எலும்பு தெரிகிற மாதிரி மாற்றிப் பார்த்தார்கள். பின்மண்டையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதை ஒட்டி உள்ளே கொஞ்சூண்டு ரத்தக் கசிவு. மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு இருக்கிறதா என்று அவசரத்தில் தேடியபோது அது கண்ணில் படவில்லையாம். பெரிய டாக்டர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, இந்நேரம் நான் உங்ககிட்ட வேற விஷயம் சொல்லிக்கிட்டிருப்பேன்."

புரிகிறதாடா உனக்கு? நான் வாயை மூடியிருந்தால் உன் மாமா அந்தக் கட்டிலிலேயே போயிருப்பார். மண்டையில் விரிசல் இருப்பதை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள். வேன்காரர் எத்தனை நாள் பொய் சொல்வார்? அப்போது உன் தலையில் கொலைக் கேஸ். நான் காட்டிக்கொடுத்ததால் அது அடிதடிக் கேஸ். தலைக்காயம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்கு எழுதியே ஆக வேண்டுமாம், எழுதினார்கள். போலீஸ் கேட்டதற்கும் நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இன்னொரு தரம் அப்படி ஒரு நிலைமை வந்தாலும் அதையேதான் கத்துவேன். நீ என்னை என்ன சொல்லித் திட்டினாலும் சரி.

கரைக்கிற மருந்து அவருக்கு இல்லை என்றாகிவிட்டது. தொடையிடுக்கில் துளை போட்டு, அங்கிருந்து நூல் போன்ற ஒரு குழாயை மேலே மூளை வரைக்கும் ஏற்றி, கட்டியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அதற்கு ஆளையும் அறையையும் தயார் செய்யவே நேரம் போயிற்று. போன நேரத்துக்கு விலை அந்த வலது கையும் காலும்தான். இழுத்ததை ஒரு பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். வெல்டிங் மேல் தட்டினால் உதிருமே கசடு, அதில் ஒரு சில்லு அளவுதான் இருந்தது, கறுப்பும் சிவப்புமாக. இத்தனூண்டுதான் ஒரு மனுஷனைச் சாய்த்தது என்றால் நம்ப முடியவில்லை. அதைக் காலில் போட்டு நசுக்க வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்கும் இதே பக்கவாதம், அன்றைக்கே வந்தார். அவர் தலையில் யாரும் அடிக்கவில்லை. அந்தப் புது ஊசியை அவருக்குப் போட்டார்கள். அன்று மாலையே வலது கையால் டம்ளரைத் தூக்கிக் குடித்தார். "டிக்கெட் கிழிக்க விரல் வந்துருச்சு" என்று எல்லோருக்கும் ஆட்டிக்காட்டினார். அவர் பெண்டாட்டி சிரிக்கிறாள், அழுகிறாள், எனக்கும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த ஊசி உன் மாமாவுக்கும் போட்டிருக்கலாம். நீ அடிக்காமல் இருந்திருந்தால் அவர் இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கண்டக்டரைப் போலவே செய்துகாட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. சின்ன டாக்டர் வேன்காரரிடம் கேட்டாள், வாய் கோணியது அடி விழுந்த பிறகா, முன்னாலேயா என்று. "முன்னாடிங்க. வாய் கோணுனதாலதான் அடியே விழுந்துச்சு" என்றார் அவர். அவள் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தாளாம். காலையில் கை மரத்ததை நானும் சொன்னேன். அப்படியென்றால் அடைப்பு உன் அடியால் வரவில்லை, அது முன்பே வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உனக்காக வாதாட ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துப் பேசினேன். இது ஒன்றே போதும், பெரிய பலம் என்றார்.

வக்கீலுக்கு அது பலம். எனக்கு அது நெஞ்சில் குத்துகிறது. அவருக்குக் கை விழுகிறது, வாய் இழுக்கிறது, உலகம் இருண்டுகொண்டு வருகிறது. என்ன நடக்கிறதென்று புரியாமல், எதிரில் நிற்கிறவனைக் கூப்பிடுகிறார். "த... த..." என்று. உன்னைப் பழிப்புக் காட்டவில்லைடா. தம்பி என்று கூப்பிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக நிஜமாகவே அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. அதற்கு நீ வாயிலேயே குத்தினாய்.

அழாதே. அழுகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் இன்னும் முடிக்கவில்லை.

இப்போது அவருக்கு நினைவு நன்றாக இருக்கிறது. சொல்வது புரிகிறது. வார்த்தைதான் வரவில்லை. வார்டில் வேலை செய்கிற ஒருத்தன், அவர் தண்ணீர் கேட்டதை வெளியே போய் அதே மாதிரி செய்துகாட்டினான். இரண்டு பேர் சிரித்தார்கள். இவர் காதில் விழுந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி, குலுங்கிக் குலுங்கி அழுதார். பெண்டாட்டி எழுதுகிற எழுத்தா இது என்று நினைப்பாய். ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பட்டதா உமக்கு என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அடுத்த நொடி நான் வெளியே போய் அந்த ஆளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் இப்போது என்னைக் கண்டாலே எல்லோரும் ஒதுங்குகிறார்கள்.

கொழுந்தன் நேற்று கையில் கட்டோடு வந்து கட்டிலருகே குனிந்து, "அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சுருச்சுண்ணே. நீ தலைய மட்டும் ஆட்டு, முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றான். உன் மாமா ஆம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு அர்த்தம் மன்னிப்பு என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கொழுந்தன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாலும் போயிருப்பான். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

அவன் உன் முன்னால் வந்து நின்றால் நீ குத்துவாய், இல்லையென்றால் அவன் வெட்டுவான். இரண்டில் எது நடந்தாலும் நான் தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டியவள்தான். ஒருத்தன் பாடையில், ஒருத்தன் ஜெயிலில், ஒருத்தர் கட்டிலில். யாருக்குச் சோறு கொண்டுபோவேன் சொல். இப்போதே அந்தக் கத்தியைச் சாக்கடையில் வீசு. உன் சிநேகிதனின் லாரியிலேயே ஏறு. வழியில் எங்கும் இறங்காதே, யாரோடும் பேசாதே. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு வா, நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க வா. வக்கீலம்மா உள்ளே இருப்பார். வேன்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாசலில் நான் நிற்பேன். கொழுந்தன் அங்கே வந்தால் என்னை மிதித்துக்கொண்டுதான் உன்னிடம் வர வேண்டும். நெற்றியில் ஏற்கனவே தையல் இருக்கிறது, இன்னும் ரெண்டு விழுந்தால் விழட்டும்.

உள்ளே போவதற்கு முன் என் கையால் ஒரு அறை வாங்கிக்கொள்ள வேண்டும். அதைத் தடுக்க எந்தப் போலீசாலும் முடியாது. போலீஸ் கேட்கும்போது வார்த்தை திக்கினால் அவசரப்படாதே, அவர்கள் காத்திருக்கட்டும். என்ன செய்தாயோ அதைச் சொல், ஒன்றும் குறைக்காதே. தண்டனை கிடைத்தால் வாங்கிக்கொள். நாள் தவறாமல் வந்து பார்ப்பேன்.

ஏதாவது சாப்பிட்டாயா? எங்கே படுக்கிறாய்? காலர் கிழிந்த அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டிருக்காதே, உன் சிநேகிதனிடம் வேறு சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அக்கா இல்லை என்று சொல்லிக்கொள், எனக்கு ஒன்றுமில்லை. திட்டிக்கொண்டே வா, முறைத்துக்கொண்டே வா. உயிரோடு வா.

இப்படிக்கு,
உன் அக்கா